தொண்டிக் கரையில் விட்ட வெள்ளை

ஜெய்னுலாபுதீன் பாய் உயிருள்ள எதையும் வரைய மாட்டார். கடல் வரைவார், வானம் வரைவார். பனி மூடிய மலை, சிவப்பு ஓடு போட்ட வீடு, கல் பாலம் என்று கேட்டதையெல்லாம் வரைவார். ஆனால் அந்த வீட்டு வாசலில் ஒரு கோழி நிற்க வேண்டும் என்றால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுவார். அது அவருக்கும் அவருடைய மார்க்கத்துக்கும் இடையில் உள்ள விஷயம். கோழி வரைய நான் இருந்தேன்.

நான் உமையாள். நயினார்கோவிலுக்குப் பக்கத்து ஊர். மிளகாயும் நெல்லும் போடுகிற குடும்பத்தில் வாக்கப்பட்டவள். கல்யாணத்துக்கு முன்பே டிராயிங் ஹையர் பாஸ் செய்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும் என்று காத்திருந்து, கடைசியில் மதுரையில் ஒரு பஸில் கம்பெனிக்குப் படம் போடுவதில் வந்து நின்றேன். படத்தை அட்டையில் ஒட்டி, துண்டு துண்டாக வெட்டிப் பெட்டியில் போட்டு விற்பார்களே, பிள்ளைகள் தரையில் கொட்டி மறுபடி சேர்ப்பார்களே, அந்த பஸில்தான். பெட்டியின் மேல் கம்பெனி பெயர் இருக்கும், எத்தனை துண்டு என்று இருக்கும், எந்த வயதுப் பிள்ளைக்கு என்றுகூட இருக்கும். வரைந்தவர் பெயர் மட்டும் இருக்காது. ஆரம்பத்தில் எனக்கு இதில் பயங்கரக் கோபம். பிறகு கோபப்பட இதைவிட நல்ல விஷயங்கள் கிடைத்துவிட்டன.

பாயையும் என்னையும் சேர்த்து வைத்தவர் கம்பெனி மேனேஜர் வேல்சாமி. பாயின் படங்களைப் பார்த்து அவர் சொக்கிப் போனார், ஆனால் விற்க முடியவில்லை. "ஆளே இல்லாத ஊர எந்தப் பிள்ளம்மா அடுக்கும்? கொள்ளை நோய் வந்த ஊரு மாதிரியில்ல இருக்கு" என்பார். என் படங்கள் நேர்மாறு. ஆட்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், பின்னால் இருக்கிற மலையோ களத்தில் குவித்த மிளகாய் மாதிரி இருக்கும். "ரெண்டு பேரும் ஒரே பக்கத்து ஆளுகதான. பேசிச் சேந்து போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டார்.

சேர்ந்து போட்டோம், பேசத்தான் இல்லை. ஏழெட்டு வருஷம் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. அவர் தொண்டியில் வரைந்து, இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவில் வைத்துக் கட்டி, ராமநாதபுரம் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அது இறங்கி, எங்கள் ஊர் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும். இங்கே என் வீட்டுக்காரர் பூமிநாதன் வாங்கி வருவார். "இந்தா, ஒங்க அண்ணன் சுவிட்சர்லாந்த அனுப்பியிருக்காரு" என்று என் கையில் திணித்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

கட்டைப் பிரித்தால் ஏரி இருக்கும், மலை இருக்கும், இடையிடையே வெள்ளையாக ஆள் வடிவங்கள் நிற்கும். போஸ்டர் கலரில் வேறு வழியில்லை. நீலம் அடித்த இடத்தின் மேல் முகம் வரைந்தால், ஈரம் பட்டதும் அடியில் இருக்கிற நீலம் கரைந்து மேலே வந்துவிடும். விஷம் குடித்தவன் முகம் மாதிரி ஆகிவிடும். அதனால் ஆள் வரவேண்டிய இடத்தைப் பாய் வெறும் தாளாக விட்டு, சுற்றிலும் மட்டும் வண்ணம் அடிப்பார். அந்த வெள்ளைக்குள் நான் ஆளைப் போடுவேன்.

வேல்சாமிக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. ஒரே நிறம் அதிக இடத்துக்கு நீளக் கூடாது. "வெறும் வானத்த வெட்டுனா எல்லாத் துண்டும் ஒண்ணு போல இருக்கும்மா. பிள்ளைங்க அழுதுட்டுத் தூக்கி எறிஞ்சிரும்" என்பார். ஆகவே கொக்கு, பட்டம், பலூன் என்று எதையாவது போட்டு நான் வானத்தை அடைத்துக்கொண்டே இருந்தேன். எங்கள் ஊரிலோ தலைக்கு மேல் வானத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. வருஷத்தில் பாதி நாள் அதில் ஒரு மேகம்கூட இருக்காது.

நாங்கள் இரண்டு பேருமே சுவிட்சர்லாந்தைப் பார்த்ததில்லை. பாய் வரைந்த ஏரியில் தொண்டிக் கடலின் பச்சைதான் இருக்கும். என் வெள்ளைக்காரிகள் மிளகாய் பறிக்கிறவர்களைப் போலவே இடுப்பை வளைத்துப் பூப் பறிப்பார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் சில நாள் கண்ணுக்குள் அந்த ஊர் வரும். பனி மலைக்கு அடியில் கருவேலங்காடு. எங்கிருந்தோ மணிச் சத்தம், மாட்டு மணியா கோயில் மணியா என்று தெரியாது. ஏரித் தண்ணீரை அள்ளி வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். அந்த ஊரில் குடியிருப்பது நாங்கள் இரண்டு பேர்தான், அவர் தெருவின் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில், பார்த்துக்கொள்ளவே மாட்டோம் என்று தோன்றும். அது எனக்குச் சுகமாக இருந்தது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

ஒரே ஒரு எரிச்சல். படத்துக்குப் படம் ஒரு பெண் வடிவம் கோணலாக வரும். பாய் விடுகிற மற்ற வெள்ளைகளெல்லாம் ஒழுங்காக இருக்கும், இது மட்டும் இடது பக்கம் சாய்ந்து, தோள் அகலமாக, கழுத்தே இல்லாமல் நிற்கும். 'ஒரு அலை தப்பாமல் கடல் போடத் தெரிந்த மனுஷனுக்கு ஒரு பொம்பளையை நேராக நிறுத்தத் தெரியாதா' என்று வாய்விட்டே திட்டுவேன். சாய்வை மறைக்க இடுப்பில் குடத்தை வைப்பேன். பால் வாளி கொடுப்பேன். ஒரு படத்தில் கக்கத்தில் வாத்தை இடுக்கிவிட்டேன். கழுத்து இல்லாத குறைக்குச் சால்வை. அவளைச் சுமக்க வைத்த மாதிரி நான் வேறு யாரையும் சுமக்க வைத்ததில்லை.

பிறகு ஒரு கோடையில் படம் வருவது நின்றது. ஐப்பசி மழை பெய்து முடிந்தும் வரவில்லை. பாயின் சம்சாரம் காய்ச்சலில் போய்விட்டார் என்று வேல்சாமிதான் சொன்னார். இத்தனை வருஷம் ஒரே தாளில் வேலை செய்திருக்கிறோம், அவர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

தை மாதம் ஒரு காலையில், பிளைவுட் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பாய் நேரிலேயே வந்துவிட்டார். ஒல்லியாக, உயரமாக, வெள்ளைத் தொப்பியும் கட்டம் போட்ட கைலியுமாக இருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கட்டைப் பிரித்தார். சுவிட்சர்லாந்து இல்லை, தொண்டிக் கரை. விடிகிற நேரத்துக் கடல், இழுத்துப் போட்ட வள்ளங்கள், ஈர மணல். நடுவில் ஒரே ஒரு வெள்ளை.

"தங்கச்சி, இதுல நிக்கிறது எங்க வீட்டுல" என்றார். "பேரு ஹமீதா பானு. நீங்கதான் முகம் போட்டுத் தரணும்."

"போட்டோ இருக்கா பாய்?"

"எடுத்ததே இல்ல. அவளுக்கு இஷ்டமில்ல. இப்ப ஓட்டுக் கார்டுக்கு எல்லாரையும் வரிசையா ஒக்கார வச்சு எடுத்தாக பாருங்க, அதுக்குக் கொஞ்சம் முந்தித்தான் மௌத்தானா. இருந்திருந்தா கவர்மெண்டாவது எடுத்திருக்கும்." அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

"நீங்களே…" என்று இழுத்தேன்.

"நான் வரைய மாட்டேன். அதுல மாத்தமில்ல. ஒங்ககிட்ட கேக்கிறதே சரியா தப்பான்னு ரொம்ப நாளு யோசிச்சேன் தங்கச்சி. யோசிச்சுக்கிட்டு இருக்கையிலயே முகம் அழிய ஆரம்பிச்சிருச்சு. ஒரு நாள் கண்ணு ஞாபகம் வருது, வாயி வர மாட்டேங்குது. மறுநாள் வாயி வருது, கண்ணு போயிருது. மொத்தமும் போறதுக்குள்ள ஒரு எடத்துல நிறுத்தணும்."

எப்படிப்பட்ட முகம் என்று கேட்டேன். நெற்றி? அளவா இருக்கும் என்றார். மூக்கு? வெகு நேரம் யோசித்து, "மூக்கு… மூக்கு மாதிரிதான் இருக்கும்" என்றார். ஆயிரம் அலையை ஆயிரம் விதமாக வரைந்தவர், ஒரு மூக்கைச் சொல்லத் தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்தது.

சுவரில் மாட்டுகிற படமாகவே போட்டுத் தருகிறேனே, பஸில் எதற்கு என்றும் கேட்டேன்.

"செவத்துல மாட்ட மாட்டேன். துண்டு துண்டாக் கெடந்தா பெட்டிக்குள்ள இருக்கும். பாக்கணும்னு தோணுனா சேத்துப் பாப்பேன். அப்புறம் கலைச்சிருவேன்."

அந்த வெள்ளையில் உடனே கை வைக்கப் பயந்து, தனித் தாளில் முகங்கள் வரைந்து தொண்டிக்கு அனுப்பினேன். முதல் முகம் திரும்பி வந்தபோதுதான் கவனித்தேன், நெற்றியில் பொட்டு வைத்திருக்கிறேன். பெண் முகம் எதை முடித்தாலும் என் கை தானாகப் போய்ப் பொட்டு வைத்துவிடும். எங்கள் பக்கத்துக் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. சுவிட்சர்லாந்துக்காரிகளுக்கே வைத்து வேல்சாமியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். ஆனால் இவரிடமா, இந்த முகத்திலா? வெட்கத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பாய் கோபப்படவில்லை. "முகம் வேற" என்று மட்டும் டீக்கடைக்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

அடுத்த முகத்துக்குப் பொட்டு இல்லை. அதுவும் வேற. அதற்கடுத்ததை மிகவும் பாடுபட்டு வரைந்தேன், பார்க்கிறவர்களெல்லாம் இது யார், தெரிந்த முகமாக இருக்கிறதே என்றார்கள். அதை எடுத்துக்கொண்டு பாயே வந்துவிட்டார்.

"நிறுத்திக்கங்க தங்கச்சி. நீங்க போடுற முகமெல்லாம் நல்ல முகந்தான். அதான் எனக்குப் பயமா இருக்கு. கண்ண மூடுனா இப்ப இதுதான் வருது. அவ முகத்து மேல வந்து ஒக்காந்துக்கிருது. எந்திரிக்க மாட்டேங்குது."

அவர் போன பிறகு நான் என் மேலேயே எரிந்து விழுந்தேன், பிரஷ்களை எடுத்து மூலையில் வீசினேன். மிச்சமிருந்த முகத்தையும் நானல்லவா அழித்துக்கொண்டிருக்கிறேன்? அன்று மத்தியானத் தூக்கத்தில் தொண்டிக் கரை வந்தது. ஒரு பெண் எனக்கு முன்னால் நடந்து போகிறாள். ஒரு கையில் குடம், ஒரு கையில் பால் வாளி, கக்கத்தில் வாத்து. அந்த வாத்து என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. நில்லுங்க, நில்லுங்க என்று ஓடுகிறேன், மணல் காலைப் பிடிக்கிறது. அவள் எல்லாவற்றையும் தண்ணீர் ஓரத்தில் ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டு, அப்பாடா என்பது போல நின்றாள். அவள் திரும்புவதற்குள் விழித்துவிட்டேன். வாயில் உப்புக் கரித்தது, அழுதிருக்கிறேன் போல.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கனவுக்கெல்லாம் அவர் காது கொடுக்கிற ஆள் இல்லை. "ஆளப் பாக்காமத்தான் இம்புட்டும் வரைஞ்சியா? ஆள் இல்லைன்னா அவுக இருந்த எடத்தயாவது போய்ப் பாத்துட்டு வருவமே" என்றார். மறுநாளே தாளையும் பலகையையும் கட்டிக்கொண்டு தொண்டிக்கு பஸ் ஏறினோம்.

பாயின் வீடு கடலுக்குப் பக்கத்தில் இருந்தது. டீ கொடுத்தார். பின்கதவைத் திறந்தால் மணல், அதைத் தாண்டினால் அவர் வரைந்த அதே கரை. கதவுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு வெள்ளைத் துப்பட்டி தொங்கியது. அந்தப் பக்கத்து முஸ்லிம் பெண்கள் வெளியே போகும்போது தலையிலிருந்து கால் வரை சுற்றிக்கொள்கிற துணி. யாரும் அதை எடுத்து மடித்து வைக்கவில்லை.

முகத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. "பாய், அவுக எப்பிடி நடப்பாக?" என்றுதான் கேட்டேன்.

அவருக்குக் கூச்சம். என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு எழுந்து பின்கதவு வழியாக மணலில் இறங்கினார். "சின்னப் பிள்ளைல கெணத்து மேட்டுலருந்து விழுந்து இடுப்பு பெசகிருச்சு அவளுக்கு. சரியாக் கூடல. நான் அங்கன ஒக்காந்து வரைஞ்சுக்கிட்டு இருந்தா, டீ ஆறிப் போச்சுன்னு கூப்பிட வருவா. வந்து கூப்பிட மாட்டா. நான் பாக்குற வரைக்கும் இப்பிடி வந்து நிப்பா" என்று சொல்லி, தண்ணீர் ஓரமாகப் போய் நின்று காட்டினார்.

உடம்பு இடது பக்கம் சாய்ந்தது.

இந்த அம்மாளை எனக்கு ஏழெட்டு வருஷமாகத் தெரியும். எத்தனை தடவை இவளுக்குச் சால்வை போர்த்திவிட்டிருக்கிறேன், பாவாடை போட்டுவிட்டிருக்கிறேன், சுமை தூக்கிவிட்டிருக்கிறேன். கழுத்து இல்லை என்று திட்டினேனே, துப்பட்டி போர்த்திய ஆளுக்குக் கழுத்து எங்கே தெரியும்?

"பாய், இவுகள எனக்குத் தெரியும்" என்றேன். "நீங்க அனுப்புன படத்துலயெல்லாம் இவுகதான் நின்னாக."

எந்தெந்தப் படத்தில் எங்கெங்கே என்று சொல்லச் சொல்ல, அவர் முகம் வெளுத்துப் போனது. "நான் வரையல தங்கச்சி" என்றார். "சத்தியமா வரையல. சும்மா எடந்தான் விட்டேன்."

"நீங்க வரையல பாய். சுத்தித்தான் வரைஞ்சிருக்கீக. எடத்த விட்டது ஒங்க கையி. அந்தக் கைக்கு வேற யாரத் தெரியும்?"

அவர் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே போய்க் கட்டைப் பிரித்து, தாளைக் கதவு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டேன். சாம்பலில் ஒரு துளி நீலம் சேர்த்துத் தண்ணீராகக் கரைத்தேன். தலையிலிருந்து தோளுக்கு இறங்குகிற மடிப்பு ஒன்று. சாய்ந்த இடுப்பில் துணி இழுபடுகிற கோடு ஒன்று. கீழே காற்றில் லேசாகத் தூக்கிய ஓரம். அவ்வளவுதான். மற்ற வெள்ளையெல்லாம் அவர் விட்ட தாள் அப்படியே. கடலைப் பார்த்து நிற்கிறாள். முகம் அந்தப் பக்கம்.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இதுவும் தப்பாகப் போனால் அந்த மனுஷனுக்கு ஒன்றும் மிஞ்சாது.

பாய் வெகு நேரம் பார்த்தார். பிறகு, தாளுக்குள் இருப்பவளை அலைச் சத்தத்துக்கு மேல் கூப்பிடுகிறவர் போல, "பானு" என்றார். அவர் கண் மெல்லப் பெரிதானது.

"தெரியுது" என்றார். "இங்கன, பொருவத்துக்கு மேல, ஒரு தழும்பு இருக்கும். அந்தக் கெணத்து மேட்டுலருந்து விழுந்தப்ப பட்டது. மேப்பல்லுல ஒண்ணு லேசா முன்னால வந்திருக்கும். அத மறைக்கத்தான் சிரிக்கிறப்ப ஒதட்ட இழுத்துக்கிருவா. கண்ணு ரெண்டும் ஒரே மாதிரி இருக்காது தங்கச்சி, ஒண்ணு தூங்குற மாதிரி இருக்கும்…" சொல்லிக்கொண்டே போனார். நிறுத்தவே இல்லை.

என் கை பழக்கதோஷத்தில் பென்சிலைத் தேடியது. அவர் பார்த்துவிட்டார்.

"வேணாம் தங்கச்சி. எனக்குத் தெரியுதுல்ல. போதும்."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ் வருகிறதா பார்க்கிறேன் என்று வெளியே போனார். பஸ்ஸுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

வேல்சாமியிடம் அந்தப் படத்தை அச்சுக்கு அனுப்ப வைப்பதற்குள் என் தொண்டை கட்டிப் போனது. முகத்தைக் காணோம் என்றார், இவ்வளவு வெள்ளை இருந்தால் பிள்ளைகள் அழும் என்றார். அழட்டும் என்றேன். இனி கம்பெனிக்கு ஒரு கொக்கு வேண்டுமானாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன பிறகுதான் வழிக்கு வந்தார். அதிகம் விற்கவில்லை. அவர் சொன்னது சரிதான், பிள்ளைகள் அழுதார்களாம்.

பெட்டி வந்ததும் நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் கோரைப்பாயை விரித்து, துண்டுகளைக் கொட்டி, எல்லாவற்றையும் படம் மேலே வரும்படி திருப்பிப் போட்டார். யார் அடுக்கினாலும் ஓரத்துத் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டம் கட்டுவார்கள். பிறகு வள்ளம், பிறகு கடல். ஒன்று போல இருக்கிற வெள்ளைத் துண்டுகளைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். வரைந்த எனக்கே அவற்றில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பாய் வெள்ளையை மட்டும் தனியாகப் பொறுக்கினார். ஒன்றை எடுத்து வைத்தார், அதன் பக்கத்தில் அடுத்ததை வைத்தார். ஒரு துண்டைக்கூட வைத்துவிட்டு எடுக்கவில்லை. கரையும் இல்லாமல் கடலும் இல்லாமல் வெறும் கோரைப்பாயின் நடுவில் ஹமீதா பானு இடது பக்கம் சாய்ந்து நின்றாள். கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். அப்புறம் ஒரு பச்சைத் துண்டை எடுத்து அவள் காலடியில் பொருத்தி, அங்கிருந்து கடலை அடுக்க ஆரம்பித்தார்.